நட்ட கன்று எத்தனை, நின்ற கன்று எத்தனை?

கேள்வி: எங்கள் ஊர்க் கடலோரத்தில் வெளிநாட்டு நிதியுதவியில் பாக்காவ் (அலையாத்தி மர) கன்றுகளை நட்டார்கள். எத்தனை கன்றுகள் என்று பலகையும் வைத்திருக்கிறார்கள். திட்டம் பலன் தந்ததா என்று யார் சரிபார்க்கிறார்கள்? எங்களைப் போன்றவர்கள் அதைக் கேட்க முடியுமா?
– வாசகர், நிபோங் திபால்

பதில்: தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பலகையில் இருப்பது செய்த வேலையின் கணக்கு மட்டுமே. கரை அரிப்பு குறைந்ததா, நண்டும் மீன்குஞ்சும் பெருகினவா என்பது தெரியப் பல ஆண்டுகள் ஆகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கன்று நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பிற்பாடு போய்ப் பார்த்தபோது, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. அலை ஏறி இறங்கும் மட்டத்துக்குப் பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் கவனிக்காமல் விட்டதும் முக்கியக் காரணங்கள். நட்ட அன்றே கணக்கை முடித்திருந்தால் அவை அனைத்தும் வெற்றி என்றே பதிவாகியிருக்கும்.

சரிபார்ப்பவர் யார் என்பது நிதி வந்த வழியைப் பொறுத்தது. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பணம் ஐ.நா. மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக வந்திருந்தால், பெரிய திட்டங்களுக்கு இடைக்கால ஆய்வும் இறுதி மதிப்பீடும் கட்டாயம். திட்டத்தை வகுத்ததிலும் நடத்தியதிலும் பங்கில்லாத ஒருவரே இறுதி மதிப்பீட்டைச் செய்ய வேண்டும், அந்த அறிக்கையும் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். சிறு மானியங்களுக்கு இவ்வளவு விரிவான ஏற்பாடு கிடையாது.

என் பார்வையில் பெரிய குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, தொடக்க நிலையை அளக்காமல் விடுவது. எடுத்துக்காட்டாக, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன், பாயான் லெப்பாஸ் பகுதிகளில் வெப்பத்தையும் வெள்ளத்தையும் தணிக்க, பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உதவும் பன்னாட்டுத் தகவமைப்பு நிதியம் ஏறத்தாழ 1 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியிருக்கிறது. மரம் நடுவதற்கு முன்பே அந்தத் தெருக்களின் வெப்பநிலையை அளந்து வைத்திருந்தால்தான் பிற்பாடு 'குறைந்தது' என்று சொல்ல முடியும். மற்றொன்று, இறுதி மதிப்பீடு திட்டம் முடியும் தறுவாயிலேயே நடந்துவிடுவது. கன்றுகள் நிலைத்து நின்றனவா என்பது அப்போது தெரிந்திருக்காது.

நீர் வற்றும் நேரத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். தண்டு முழுவதும் கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வாழும் ஓடுள்ள சிறு கடலுயிர்) அப்பிக் கன்றுகள் சாய்ந்திருந்தால், பெரும்பாலும் அந்த இடம் தாழ்வானது, அதிக நேரம் தண்ணீருக்குள் கிடக்கிறது என்று பொருள். தேதியுடன் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திட்டத்தை நடத்துபவர்களிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: நடுவதற்கு முன் கரையை அளந்த பதிவு இருக்கிறதா? மூன்றாம் ஆண்டில் மிஞ்சியவற்றை எண்ணப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா? மதிப்பீட்டாளர் வரும்போது, விழாவுக்கு அழைக்கப்பட்டவர்களை மட்டுமல்லாமல், அந்தக் கரையில் தினமும் வலை போடுபவர்களையும் சந்திக்க ஏற்பாடு செய்யுமாறு அதே கடிதத்தில் எழுதுங்கள்.