பரிமாறும் வேலையில் இருந்து வெளிநாடு போகலாமா? கேள்வி பதில்

யாழ்ப்பாணத்து உணவகங்களில் வேலை செய்பவர்களும் அவர்களின் வீட்டாரும் கேட்டவை இவை.

கேள்வி: ஐயா, நல்லூரில் ஒரு ஹோட்டலில் மூன்று வருடமாகப் பரிமாறுகிறேன். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற நிரந்தரக் குடியேற்ற முறையில் கனடா போக முடியுமா?

பதில்: இந்த அனுபவத்தை மட்டும் வைத்து முடியாது, தம்பி. கனடா தொழில்களை 0 முதல் 5 வரை படிகளாகப் பிரித்திருக்கிறது; எண் குறையக் குறையப் படி உயரும். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு 0 முதல் 3 வரையான படிகளில் அனுபவம் வேண்டும். பரிமாறுபவரின் குறியீடு 65200, படி 5. அதே கடையில் சமையற்காரர் 63200, படி 3. சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் மூன்று! மேற்பார்வையாளர் (62020) இன்னும் மேலே, படி 2. முதலாளி அன்பாக "சூப்பர்வைசர்" என்று கடிதம் எழுதித் தந்தால் போதாது. ஆட்களுக்கு முறை போடுவது, சாமான் கட்டளையிடுவது, புதியவரைப் பழக்குவது எல்லாம் உண்மையில் நீங்கள் செய்திருக்க வேண்டும். பொய்க் கடிதம் பிடிபட்டால் ஐந்து வருடத் தடை.

கேள்வி: மகனுக்கு ரொறன்ரோவில் பரிமாறும் வேலையாம். எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி கனடா அரசிடம் பெறும் அனுமதி) எடுத்துத் தர முகவர் 30 இலட்சம் கேட்கிறார். காணியை ஈடு வைக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அந்த அனுமதிக்கான கட்டணம் 1,000 கனேடிய டொலர். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக் கூடாது. மேலும் 2024 செப்டெம்பர் முதல், வேலையின்மை 6 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பெருநகரங்களில் இப்படியான குறைந்த சம்பள விண்ணப்பங்களை எடுப்பதே இல்லை. முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 என்ற தொலைபேசி எண்ணில் கேளுங்கள். உரிமம் இல்லாமல் ஆள் சேர்ப்பதே குற்றம். "பற்றுச்சீட்டு பிறகு தருகிறேன்" என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: லண்டன்?

பதில்: இந்த வேலைக்குத் திறன்சார் வீசா இல்லை. 2025 ஜூலையில் சமையற்காரருக்கும் அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.

கேள்வி: கட்டாருக்கு விசிற் வீசாவில் போய் வேலை தேடட்டுமா, அண்ணா?

பதில்: அப்படிப் போகாதீர்கள். ஒப்பந்தம் கையில் வந்த பிறகு, பணியகத்தில் பதிந்துவிட்டுப் புறப்படுங்கள். அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். இருப்பிடமும் சாப்பாடும் தராவிட்டால் அவற்றுக்கு 500, 300 ரியால் தனியாகத் தர வேண்டும். ஒப்பந்தத் தாளில் இந்த எண்களைத் தேடுங்கள். டிப்ஸ் கொட்டும் என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். நிரந்தர வதிவிடத்தை மட்டும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: சம்பளத்தைக் கையில்தான் தருகிறார்கள். அனுபவத்தை எப்படி நிரூபிப்பது?

பதில்: இங்கே பலர் கோட்டை விடும் இடம் இதுதான். ஊழியர் சேமலாப நிதியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களிடமிருந்து 8, முதலாளியிடமிருந்து 12 சதவீதம் போகும். "கையில் வருவது குறையுமே" என்று பின்வாங்குகிறார்கள். மாதாமாதம் விழும் அந்தப் பதிவுக்கு உள்ள மதிப்பு வெறும் கடிதத்துக்கு இல்லை. கூடவே, செய்த வேலையை மதிப்பிட்டுத் தரும் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள். அதற்கு மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை.