திருநங்கைகளுக்குத் துணை நிற்பது எப்படி? ஒரு வீட்டு ஓனரின் பதில்

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். திருநங்கைகளும் திருநம்பிகளும் (பெண்ணாக வளர்க்கப்பட்டு, தங்களை ஆணாக உணர்ந்து வாழ்பவர்கள்) ஒதுக்கப்படுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, அவர்களைச் சங்கடப்படுத்தாமல் துணை நிற்பது எப்படி என்பது ஒன்று. எனக்குத் தெரிந்தவர்களில் அப்படி யாருமே இல்லையே, நான் என்ன செய்ய முடியும் என்பது இன்னொன்று.

நான் சமூக சேவகன் கிடையாது. மதுரையில் கீழ்வீட்டில் நாங்கள் இருந்துகொண்டு மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். சில வருடங்களாக மாடியில் குடியிருப்பவர்கள் இரண்டு திருநங்கைகள். ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார், மற்றவர் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். ஆகவே வீட்டு ஓனராக எனக்குப் பட்டதைத்தான் எழுதுகிறேன். துணை நிற்பது என்றதும் அவர்களிடம் போய் ஏதாவது செய்வது என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கே நமக்குப் பெரிதாக வேலை இல்லை. வேலை எல்லாம் நம்ம ஆட்களிடம்தான்: அக்கம்பக்கம், புரோக்கர், சொந்தக்காரர்கள், ஆபீஸ்.

வீடு பார்க்கும் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநங்கைக்கு வீடு தர மாட்டேன் என்று எவரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "இப்பத்தாம்மா ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்." "ஃபேமிலிக்கு மட்டும்தான் விடுறது." "பையன் துபாய்ல இருக்கான், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்." எல்லாம் சிரித்த முகத்தோடு நடக்கும். சரி என்று கொடுப்பவர்களிலும் சிலர், அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது தெரிந்து வாடகையை ஏற்றிச் சொல்வார்கள். ஒப்பந்தம் மட்டும் எழுத மாட்டார்கள். எழுதாமல் விட்டால் எப்போது வேண்டுமானாலும் காலி பண்ணச் சொல்லலாம் இல்லையா?

அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது சொந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. முகவரிக்கு ஆதாரம் இருக்காது. ஆதாரில் முகவரி மாற்றுவது, கேஸ் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு என்று எதற்குப் போனாலும் முதல் படியிலேயே நிற்க வேண்டும். பெற்ற வீட்டை விட்டு வெளியேறியவர்களுக்கு இது இரட்டைச் சுமை. பழைய முகவரியில் பெயர் எடுக்கப்பட்டிருக்கும், புது முகவரியில் ஏறியிருக்காது. நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தம் எழுதினேன், அதே அட்வான்ஸ், அதே வாடகை. என்ன பெயர் போடட்டும் என்று அவர்களிடமே கேட்டுப் போட்டேன். இது ஒரு தர்ம காரியம் மாதிரி யாராவது பேசினால் எனக்கு எரிச்சல் வரும். மாதம் பிறந்தால் வாடகை வருகிறது, மோட்டார் ரிப்பேர் என்றால் பாதி பேர் வீட்டில் நடக்கும் சண்டை எங்கள் வீட்டிலும் நடக்கிறது.

அவர்கள் குடிவந்த வாரமே தெருவிலிருந்து சிலர் வந்தார்கள். கெட்டவர்கள் இல்லை. அதில் ஒருவர் என் மகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தவர். உட்கார வைத்து காபி கொடுத்தோம்.

"ஒண்ணும் தப்பா நினைக்காதீக அண்ணே. பொம்பளப் பிள்ளைக இருக்கிற தெரு பாருங்க."

"அவங்க என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க."

"செஞ்சாகன்னு இல்ல. நாளப்பின்ன ஒண்ணுன்னா..."

"ஒண்ணுன்னா அன்னைக்கு வாங்க, பேசுவோம். ஆனா எதுவா இருந்தாலும் என்கிட்டதான் சொல்லணும். மாடிப்படி ஏறி அவங்ககிட்ட யாரும் போய்ப் பேசக்கூடாது."

அதற்கு மேல் நான் உபதேசம் எதுவும் பண்ணவில்லை. பண்ணியிருந்தால் மூன்று மணி நேரம் வாக்குவாதம் போயிருக்கும், ஆளுக்கு ஒரு கோபத்தோடு எழுந்து போயிருப்பார்கள், அந்தக் கோபம் நேராக மாடிக்குத்தான் போயிருக்கும். "மாடிப்படி ஏறாதீர்கள்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது வேலை செய்தது.

அன்று இரவே மாடியில் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இன்னார் வந்தார்கள், இப்படிப் பேசினார்கள், நான் இப்படிச் சொன்னேன் என்று. மனசு கஷ்டப்படும், சொல்ல வேண்டாம் என்றார் என் மனைவி. ஆனால் தெருவில் நடந்து போய் வரப்போவது அவர்கள், அவர்களுக்குத் தெரியாமல் எப்படி? கேட்டுவிட்டு மூத்தவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றாத ஒன்று. "சார், வாசல்ல ஒரு கேமரா போட்டுக்கலாமா? நாளைக்கு எங்க மேல யாராச்சும் எதையாச்சும் சொன்னா, எங்களுக்கு அதுதான் சாட்சி." செலவைப் பாதிப் பாதி போட்டு மாட்டினோம்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அவர்களுக்குச் சொல்வதற்கு இல்லை, அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். தெருக்காரர்களிடம் பேசும்போது உங்களுக்கு உதவும். 2019-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருநர் பாதுகாப்புச் சட்டம் (திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும் பொதுவான பெயர்தான் திருநர்), வீடு வாடகைக்கு எடுப்பதிலும் குடியிருப்பதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. ஒருவரை வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ வெளியேறக் கட்டாயப்படுத்தினால் 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை என்று வைத்தது. அதே சட்டம் பாலியல் வன்முறைக்கும் அதே 6 மாதம் முதல் 2 வருடம்தான் வைத்தது. ஒரு பெண்ணுக்கு நடந்தால் பத்து வருடத்துக்குக் குறையாத தண்டனை. இதை அவர்கள் தரப்பில் அப்போதே எதிர்த்துப் பேசினார்கள். சட்டம் வந்துவிட்டதே, இன்னும் எதற்குப் போராட்டம் என்று கேட்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கலாம்.

"அரசாங்கம்தான் எல்லாம் செய்கிறதே" என்றும் சொல்வார்கள். தமிழ்நாடு சில விஷயங்களில் முன்னால் போனது உண்மைதான். 2008 ஏப்ரலில் இங்கே அவர்களுக்கென்று நலவாரியம் வந்தது. மூன்றாம் பாலினத்தவர் என்று தங்களை அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 2014 ஏப்ரல் 15-ல்தான். 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களைப் போலவே அவர்களுக்கும் இலவசம். ஆனால் அந்தப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். கூட்டம் நெருக்கியடிக்கும், ஒரு திருநங்கை உட்கார்ந்திருக்கும் சீட்டில் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருக்கும். அந்த இடத்துக்கு எந்த அரசாணையும் வராது. போய் உட்காருங்கள். பேச்சுக் கொடுக்க வேண்டாம், புன்னகை வேண்டாம், மற்ற யார் பக்கத்திலும் உட்காருவது போல உட்கார்ந்து போனைப் பாருங்கள்.

சிக்னலில் காசு கேட்பதைப் பற்றி கட்டாயம் யாராவது கமெண்டில் கேட்பீர்கள். அவர்கள் பேச்சில் அதற்குக் 'கடை கேட்பது' என்று பெயர். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். இல்லை என்றால் இல்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்ப வேண்டாம். "கைகால் நல்லாத்தானே இருக்கு, உழைச்சுச் சாப்பிடலாமே" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். உழைக்கப் போனவர்களுக்கு என்ன நடந்தது? பிரித்திகா யாஷினி எஸ்ஐ வேலைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் தவிர வேறு கட்டமே இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 2015-ல் தீர்ப்பு வாங்கி, 2017-ல்தான் வேலையில் சேர முடிந்தது. ஒரு வேலைக்கு இவ்வளவு. காசை வாங்கித் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணச் சொல்பவர்கள், கூத்தாண்டவர் திருவிழாவுக்குக் கூவாகம் போய்ப் படம் எடுத்து வருபவர்கள், எங்கள் தெருவிலேயே உண்டு. அன்று காபி குடிக்க வந்தவர்களில் ஒருவரும் அந்த ரகம்தான்.

அப்புறம், நம் வீட்டு விசேஷங்கள். என் மகள் வளைகாப்புக்கு மாடியிலிருந்து இருவரும் வந்திருந்தார்கள். கூடத்தில் அத்தனை பேர் இருக்கும்போது என் பெரியம்மா ஒருவரைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ ஆபரேஷன் பண்ணியாச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். பாவம், அவருக்கு அது நலம் விசாரிப்பு. நான் குறுக்கே புகுந்து, "பெரியம்மா, உங்க கர்ப்பப்பை ஆபரேஷன் பத்தி இப்ப எல்லார் முன்னாடியும் நான் கேக்கட்டுமா?" என்றேன். கூடமே சிரித்தது, பெரியம்மாவும் சிரித்தார், பந்திக்கு இலை போட்டுவிட்டதாகக் குரல் வந்தது. இந்த மாதிரி இடத்தில் பதில் சொல்லும் பொறுப்பு கேட்கப்பட்டவருக்கு இல்லை, கேட்டவரின் சொந்தக்காரருக்குத்தான். பழைய பெயர் என்ன, பெற்றவர்கள் சேர்த்துக்கொண்டார்களா என்பதெல்லாமும் இந்த வகைக் கேள்விதான். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

எப்படிக் கூப்பிடுவது என்று சிலர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். மூத்தவர் என்றால் அக்கா, இளையவர் என்றால் பெயரைச் சொல்லி நீங்க, வாங்க. திருநம்பி என்றால் அண்ணே, தம்பி. இதில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை.

திருநம்பிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்கள் நம் கண்ணிலேயே படுவதில்லை. பெண்ணாக வளர்க்கப்பட்ட பிள்ளையை வீட்டை விட்டு வெளியே அனுப்பவே யோசிக்கும் குடும்பங்கள் நம்முடையவை. அந்தப் பிள்ளை 'நான் ஆண்' என்று சொன்னால் போனைப் பிடுங்குவது, மாப்பிள்ளை பார்ப்பது, டாக்டரிடமோ சாமியாடியிடமோ கூட்டிப்போவது என்று ஆரம்பித்துவிடும். வயது வந்த பிள்ளை தப்பித்து வெளியேறினால், காணவில்லை என்று ஸ்டேஷனில் புகார். போலீஸ் தேடிப் பிடித்து, சமாதானம் பேசி, அதே வீட்டில் கொண்டுவந்து விடும்.

இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் உண்மையாகவே பயன்பட முடியும். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு ஒன்று இருக்கிறது. ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கு அது. உத்தரவு திருநருக்கும் சேர்த்துத்தான். இப்படிக் காணவில்லை புகார் வந்தால், சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், விருப்பத்தோடுதான் இருக்கிறார்கள் என்று வாக்குமூலம் வாங்கியதும் தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாற்றுகிறேன், குணப்படுத்துகிறேன் என்று சிகிச்சை பண்ணுவதற்கும் தடை. அடுத்த வருடமே, திருநரையும் ஒரே பாலினத்தவரை விரும்புபவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தார்கள். அந்த உத்தரவின் நகலோடும் ஒரு வக்கீலோடும் ஸ்டேஷனுக்குக் கூடப் போக ஒரு நடுத்தர வயது ஆள் இருந்தால், அங்கே பேசும் தொனியே வேறாக இருக்கும். இது நியாயமா என்றால் இல்லை. ஆனால் நம் முடி நரைத்ததற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும்போது அதை ஏன் வீணாக்க வேண்டும்?

அந்த நீதிபதி செய்த இன்னொரு காரியமும் எனக்குப் பிடிக்கும். இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் நேரம் கேட்டு உட்கார்ந்து, தெரிந்துகொண்டு வந்துதான் உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கே அது கௌரவக் குறைச்சலாகப் படவில்லை. நமக்கோ சந்தேகம் வந்தால் எதிரே இருக்கும் திருநங்கையே வாத்தியாராகி விளக்க வேண்டும். அவருக்கு ஆபீஸ் போக நேரமாகிறது.

நமக்கு நல்லதாகப் படுவதும் அவர்கள் கேட்பதும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் சேலை, அரிசி மூட்டை, தையல் மெஷின் என்று போவோம். திருநர் உரிமைக்காகப் போராடும் கிரேஸ் பானு போன்றவர்கள் வருடக்கணக்காகக் கேட்பது கிடைமட்ட இடஒதுக்கீடு. அதாவது எஸ்சி, பிசி, எம்பிசி என்று ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்கு ஒரு பங்கு. எல்லோரையும் ஒரே பிரிவில் போட்டால் தலித் திருநங்கை தன் சாதியால் பட்டதற்குக் கணக்கே இல்லாமல் போகும் என்பது அவர்கள் வாதம். கர்நாடகா 2021-லேயே அரசு வேலையில் 1 சதவீதம் இப்படிக் கொடுத்துவிட்டது. இந்தப் பேச்சு வரும்போது "இதுக்கும் கோட்டாவா" என்று சலித்துக்கொள்ளும் ஆள் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் நிச்சயம் இருப்பார். அவருக்குப் பதில் எழுதுங்கள்.

கடைசியாக, "எனக்கு யாரையும் தெரியாதே" என்பதற்கு வருகிறேன். தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தால், சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் இருக்கும் விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளாமல், அரசிதழில் பெயர் மாற்றியிருக்கிறீர்களா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஸ்கூல் சர்டிபிகேட்டில் பெயர் மாற அலைந்துகொண்டிருப்பார்கள், அது முடியும் வரை அவகாசம் கொடுங்கள். வீடு வாடகைக்கு விடுபவராக இருந்தால், புரோக்கரிடம் சாவி கொடுக்கும்போதே "திருநங்கை, திருநம்பி யார் வந்தாலும் எனக்குச் சம்மதம், நேரா கூட்டிட்டு வாங்க" என்று நீங்களாகவே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், உங்கள் மனசு இன்னதுதான் என்று அவராக முடிவு பண்ணி, உங்கள் காதுக்கே வராமல் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். என் மாடி போர்ஷனுக்கு முதலில் பார்த்த புரோக்கர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.