முதலில் சீட்டைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு 41 வயது. விடிய கடற்கரையில் நடப்பேன், மாரி தொடங்கினால் அது நின்றுவிடும். அதனால் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கிற பழைய ஸ்பின் சைக்கிள் ஒன்று வாங்கி, யூடியூப்பில் 45 நிமிட வகுப்பைப் போட்டு ஓடினேன். மூன்றாம் நாளே உட்கார முடியவில்லை, முழங்காலும் முன்பக்கம் நோகிறது. எனக்கு இது சரிவராதா?
- வாசகி, கல்லடி

பதில்: சரிவரும் தங்கச்சி, விட்டுவிடாதீர்கள். முழங்கால் முன்பக்கம் நோவது பெரும்பாலும் சீட் பதிவாக இருப்பதால்தான். சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று சீட்டை இடுப்பெலும்பு மட்டத்துக்கு உயர்த்துங்கள், அப்புறம் ஏறி இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்து அடிவரை மிதியுங்கள், அங்கே கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓடும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்பீர்கள், அப்போது முழங்காலில் சின்ன மடிப்புத் தானாக வரும். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் கூடிப்போச்சு, கொஞ்சம் இறக்குங்கள். ஹாண்டில் தொடக்கத்தில் சீட்டை விடச் சற்று உயரமாக இருந்தால் முதுகு தாங்கும். பழைய சைக்கிள் என்பதால் திருகுகளை ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பார்த்துவிட்டே ஏறுங்கள்.

இருக்கிற இடத்து நோவு எல்லோருக்கும் வருவதுதான், விட்டு விட்டு ஓடினால் ஓரிரு கிழமையில் குறையும். பஞ்சு வைத்த சைக்கிள் களிசான் உதவும். மெத்தென்ற ஜெல் உறையை நான் விரும்புவதில்லை, இருப்பு வழுக்கிக்கொண்டே இருக்கும்.

45 நிமிட வகுப்பு பழகினவர்களுக்கு. நீங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 நிமிடம் ஓடுங்கள், உடம்பு இடம் கொடுத்தால் கிழமைக்கு 5 நிமிடம் கூட்டலாம். இறுக்கத்தை முழுக்கத் தளர்த்திவிட்டு வேகமாகச் சுற்றாதீர்கள், அப்படித்தான் சீட்டில் துள்ளித் துள்ளி நோவு வருகிறது. வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணுங்கள், 18 முதல் 22 வரை வந்தால் போதும். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்தளவு மூச்சு. எழும்பி நின்று ஓடுவதெல்லாம் பிறகு.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பல ஸ்பின் சைக்கிள்களில் அந்தக் கனமான சில்லு பெடலோடு பிணைந்திருக்கும், நீங்கள் மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் சுற்றும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். சால்வை, தொளதொள காற்சட்டை வேண்டாம், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கவே கூடாது.

மழைக்கு யன்னலைச் சாத்திவிட்டு ஓடினால் அவிந்துபோவீர்கள், ஃபான் முகத்துக்கு நேரே இருக்கட்டும், தண்ணீர்ப் போத்தல் கைக்கெட்டட்டும். முடிந்ததும் துவாயால் சைக்கிளையும் துடையுங்கள், வியர்வையோடு கல்லடி உப்புக்காற்றும் சேர்ந்தால் திருகுகள் கறள் பிடித்து இறுகிவிடும்.

கேள்வி: வாப்பாவுக்கு 62 வயது, சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறார். வீட்டில் சைக்கிள் ஓடலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நல்லதுதான் தம்பி, ஆனால் கிளினிக்கில் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். இன்சுலின் போடுகிறவருக்கு ஓடும்போதோ, பல மணி நேரம் கழித்தோ சீனி இறங்கலாம். முன்னும் பின்னும் சோதித்துப் பாருங்கள், குளுக்கோஸ் பக்கத்தில் இருக்கட்டும், கை நடுங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி குளுக்கோஸைக் குடிக்கக் கொடுங்கள். நெஞ்சு நோவு வந்தால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வெறுங்காலில் ஓட வேண்டாம், சப்பாத்துப் போடட்டும், முடிந்ததும் பாதத்தில் உரசல் காயம் ஏதும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.