ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு 'ஸ்டேஷனரி'களுக்கும் பொருளிலும் பிறப்பிலும் என்ன வேறுபாடு?

ஒன்று அசையாமல் நிற்பதைக் குறிக்கும் உரிச்சொல். மற்றொன்று தாள், பேனா, உறை முதலிய எழுதுபொருள்களைக் குறிக்கும் பெயர்ச்சொல். ஒலியில் வேறுபாடு இல்லை. எழுத்தில்தான் உண்டு: சொல்லின் கடைசியில் நிற்கும் 'ஆர்' (r), 'வை' (y) ஆகிய ஆங்கில எழுத்துகளுக்கு முன்னால் முதற்சொல்லில் 'ஏ' (a) வரும், இரண்டாவதில் 'ஈ' (e) வரும்.

தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள், பள்ளி திறப்பதற்கு முன் வாங்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டபோது 'ஏ' இட்டு எழுதியிருந்தாள். அவளுக்கு விளக்க வேண்டித் தேடியபோதுதான், இவ்வளவு விலகி நிற்கும் இரு பொருள்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிந்துகொண்டேன்.

லத்தீன் மொழியில் 'ஸ்டாரே' என்றால் நிற்றல். 'ஸ்டாட்டியோ' என்றால் நிற்குமிடம். இடைக்கால ஐரோப்பாவில் சிறு வணிகர் பலர் சரக்கைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்த காலத்தில், பல்கலைக்கழகங்களை ஒட்டி ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்து நூல் விற்றவர்களுக்கும், மாணவர்கள் படியெடுத்துக்கொள்ள நூல்களைப் பகுதி பகுதியாக வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கும், நிலையாக இருப்பவர் என்ற பொருளிலேயே பெயர் அமைந்தது. ஆங்கிலத்தில் அது 'ஸ்டேஷனர்' ஆயிற்று. லண்டனில் 1403ஆம் ஆண்டிலேயே இவர்களுக்குச் சங்கம் இருந்தது. 1557இல் அரச சாசனம் பெற்று, இங்கிலாந்தின் அச்சுத்தொழிலையே தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த சங்கம் அது. நூலோடு தாளும் மையும் அங்கே விற்றதால், கடைக்காரரின் பெயர் காலப்போக்கில் கடைச்சரக்கின் பெயராக மாறிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. கச்சாங் பூத்தே எனப்படும் கடலை வகைகளைத் தட்டில் வைத்துத் தலையில் சுமந்து சிங்கப்பூர்த் தெருக்களில் நடந்தே விற்றவர் அவர். இங்கே தெருவோர வியாபாரிகளை நிலையான கடைகளுக்கு மாற்றும் பணி 1970களில் வேகம் பெற்று 1986இல் நிறைவடைந்தது. அவர்கள் குடியேறிய இடத்தை நாம் உணவங்காடி நிலையம் என்கிறோம். 'ஸ்டாரே' என்பதிலிருந்து 'ஸ்டேஷன்' வந்ததைப் போலவே, 'நில்' என்னும் நம் வினையிலிருந்து 'நிலை' வந்திருக்கிறது; அதன் ஒலியை 'நிலையம்' என்பதிலும் கேட்கலாம்.

இனி அந்த ஒற்றை எழுத்துக்கு வருவோம். 'பேக்கர்' நடத்துவது 'பேக்கரி' ஆவதைப் போல, 'ஸ்டேஷனர்' விற்பது 'ஸ்டேஷனரி' ஆயிற்று; ஆகவே வணிகரின் பெயரில் உள்ள 'ஈ' அப்படியே தங்கிவிட்டது. மற்றச் சொல்லோ லத்தீன் ஈற்றைப் பின்பற்றி 'ஏ'வை வைத்துக்கொண்டது.

பிள்ளைகளுக்கு இவ்வளவும் நினைவில் நிற்காது என்றால், தமிழே கைகொடுக்கும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது அகரத்துக்கு 'ஏ'வும் எகரத்துக்கு 'ஈ'யும் இடுகிறோம் அல்லவா? அசையாதது அகரத்தில் தொடங்குகிறது, எழுதுபொருள் எகரத்தில் தொடங்குகிறது. என் மகள் தன் பட்டியலைத் திருத்தியது இந்த வழியில்தான்.