முகநூலில் அரசை விமர்சித்ததற்காக இடமாற்றம் செய்ய முடியுமா?

இடுக்கி மாவட்டம் பீருமேட்டில் ஒருவருக்குக் கேரள அரசு வேலை. முகநூலில் அரசின் கொள்கையை விமர்சித்ததும் மாநிலத்தின் வடகோடியான காசர்கோட்டுக்கு மாற்றல். இது செல்லுமா என்பது கேள்வி.

வேலையில் சேர்ந்ததால் பேச்சுரிமை பறிபோவதில்லை. 1962 காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். ஆனால் 1960-ஆம் ஆண்டு கேரள நடத்தை விதிகள் அரசுக் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கத் தடை போடுகின்றன. அதனால் 'பேச்சுரிமை' என்று மட்டும் வாதாடினால் வழக்கு நிற்பது கஷ்டம். மாற்றலே தண்டனைதான் என்று காட்டுங்கள்: 2008 சோமேஷ் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அத்தகைய உத்தரவைச் செல்லாது என்கிறது.

பதிவின் தேதி, உத்தரவின் தேதி, அந்த இடத்தில் முடிந்த பணிக்காலம், இடையில் வந்த மெமோ எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குங்கள். முதலில் மேலதிகாரிக்கு எழுத்து மனு, ஒப்புகையோடு. பிறகு, அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் கேரள நிர்வாகத் தீர்ப்பாயம். (குமுளி தாண்டித் தேனியில் தமிழக அரசு ஊழியர் என்றால், நேரே உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான்.)

பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். கெட்ட உள்நோக்கத்தோடு மாற்றினார் என்று ஒருவர் மேல் குற்றம் சாட்டிவிட்டு அவரைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் விடுவது ஒன்று. தடையாணை வாங்காமலே புது இடத்தில் சேராமல் வீட்டில் இருப்பது இன்னொன்று. அனுமதியில்லா விடுப்பு என்று தனி நடவடிக்கை பாயும்.