பேர் ஒன்று, ஆட்கள் வேறு: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் முள்ளியவளையில் பிள்ளைகளோடு சரித்திரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு சிறுமி எழும்பி, "சேர், சங்கிலியன் எத்தனை வயதுவரைக்கும் இருந்தவர்?" என்று கேட்டாள். அவளுடைய ரியூசன் கொப்பியில், சங்கிலியன் 1519இல் யாழ்ப்பாணத்தில் அரசனானார் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. 1619இல் போர்த்துக்கேயர் அவரைப் பிடித்தார்கள் என்று மறுபக்கத்தில் இருந்தது. கணக்குப் பார்த்துச் சந்தேகப்பட்ட அந்தப் பிள்ளையை எனக்கு நிரம்பப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே, ஒரே பெயரில் வாழ்ந்த வெவ்வேறு ஆட்களைப் பற்றி உங்களுக்குள்ள சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று சொன்னேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இது.

கிளிநொச்சி, ஏஎல் மாணவி: அப்படியென்றால் சங்கிலியன் இரண்டு பேரா? மன்னாரில் கத்தோலிக்கரைக் கொன்றதற்காகத்தானே போர்த்துக்கேயர் அவருக்கு மரணதண்டனை கொடுத்தார்கள்?

இரண்டு பேர், பிள்ளை. இந்த ஒரு குழப்பத்தால் எத்தனையோ விடைத்தாள்களில் புள்ளி போவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலாம் சங்கிலி 1519 தொடக்கம் 40 வருசத்துக்கு மேல் ஆண்டவர். மன்னாரில் கத்தோலிக்கத்துக்கு மாறியவர்கள் 1544இல் கொல்லப்பட்டது இவர் காலத்தில். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூருக்குள் படையோடு வந்தபோது அவர்களுக்கு முகம்கொடுத்தவரும் இவர்தான். 

இரண்டாவது ஆள் சங்கிலி குமாரன். எதிர்மன்னசிங்கம் 1617இல் இறந்தபிறகு, அரண்மனைக்குள் இரத்தம் சிந்தவைத்துத்தான் அதிகாரத்தைப் பிடித்தார். ஆட்சி இரண்டு வருசம்தான். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேராவின் படை அவரைத் தோற்கடித்தது. கோவாவுக்குக் கொண்டுபோய் அங்கே மரணதண்டனை கொடுத்தார்கள். யாழ்ப்பாண அரசின் கதையும் அதோடு முடிந்தது.

மன்னாரில் நடந்ததற்கும் கோவாவில் நடந்ததற்கும் இடையில் ஏறத்தாழ 75 வருசம் கிடக்கிறது. ஒருவர் செய்ததற்கு மற்றவரைத் தண்டித்ததாக எழுதுவது இரண்டு பேருக்கும் அநியாயம். விடைத்தாளில் வெறுமனே "சங்கிலியன்" என்று எழுதாதே. முதலாம் சங்கிலி அல்லது சங்கிலி குமாரன் என்று எழுதி, பக்கத்தில் ஆண்டையும் போடு.

மல்லாவி: செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறிமாறி வருகிறதே, இவர்கள் எத்தனை பேர்?

அவை யாழ்ப்பாண அரசர்களுக்குப் பிறந்தபோது வைத்த பெயர்கள் அல்ல, முடிசூடும்போது எடுத்த பெயர்கள். ஒருவர் செகராசசேகரன் என்றால் அடுத்தவர் பரராசசேகரன், அதற்கடுத்தவர் திரும்பவும் செகராசசேகரன். முதலாம் சங்கிலியும் ஒரு செகராசசேகரன்தான். அவருக்கு முன் ஆண்டவர் ஒரு பரராசசேகரன். இதே பெயர்களில் வைத்திய நூல்களும் இருக்கின்றன. "செகராசசேகரத்தில் இருக்கிறது" என்று பரியாரிமார் சொன்னால் அது புத்தகம், அரசன் அல்ல.

வற்றாப்பளை, ஒரு அம்மா: கண்ணகிக்குக் கோயில் எடுத்த கயவாகுவும், பொலன்னறுவையில் ஆண்ட கஜபாகுவும் ஒருவர்தானா?

இல்லை, அம்மா. நடுவில் ஏறத்தாழ ஆயிரம் வருசம்.

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு விழா எடுத்தபோது வந்திருந்தவர்களில் ஒருவராகச் சிலப்பதிகாரம் "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்" என்று சொல்கிறது. அது முதலாம் கஜபாகு, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் ஆண்டவர். செங்குட்டுவனின் காலத்தையும் சங்ககாலத்தையும் கணிக்க ஆராய்ச்சியாளர்கள் பிடித்துக்கொண்ட கயிறே இந்த ஒரு வரிதான். இதில் வருகிற கயவாகு எந்தக் கஜபாகு என்று பிழையாக எடுத்தால், செங்குட்டுவன் 12ஆம் நூற்றாண்டுக்கு இறங்கிவிடுவான். சங்ககாலமே தலைகீழாகப் போய்விடும்.

இரண்டாம் கஜபாகு 12ஆம் நூற்றாண்டு. பொலன்னறுவையில் இருந்துகொண்டு பராக்கிரமபாகுவோடு மல்லுக்கட்டியவர். 1153இல் அவருக்குப் பிறகு பராக்கிரமபாகு அரசனானார்.

உங்கள் ஊர்க் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்துவந்து, அந்த உப்புநீரில் விளக்கு எரிப்பார்கள். சிறுவயதில் அப்பாவின் தோளில் இருந்து அந்தச் சுடரைப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் வந்து தங்கிய பத்தாவது பளை இதுவென்று எங்கள் ஊர்க்கதை சொல்லும். அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் முதலாமவர்.

துணுக்காய்: பராக்கிரமபாகு, பராக்கிரம பாண்டியன், குலசேகர பாண்டியன்... யார் யாருக்கு உதவினார்கள் என்றே விளங்கவில்லை.

நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். இதிலே இரண்டு சோடி இருக்கிறது.

முதல் சோடி, பராக்கிரமன் என்ற பெயருடைய இரண்டு அரசர்கள், இரண்டு பேரும் ஒரே காலத்தவர். 12ஆம் நூற்றாண்டில் மதுரையில் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் அரசுரிமைக்கு அடிபட்டார்கள். பராக்கிரம பாண்டியன் இலங்கையில் இருந்த பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். பராக்கிரமபாகு இலங்காபுரன் என்ற தளபதியை அனுப்பினார். படை போய்ச் சேருவதற்குள் கேட்டவன் கொல்லப்பட்டுவிட்டான். 

இரண்டாவது சோடி குலசேகரர்கள். மேலே சொன்ன குலசேகரன் பராக்கிரமபாகுவின் படையோடு பொருதியவன். நூறு வருசத்துக்குப் பிறகு மாறவர்மன் குலசேகரன் என்று இன்னொருவன் மதுரையில் ஆண்டான். அவனுடைய தளபதியாக வந்த ஆரியச்சக்கரவர்த்திதான் யாப்பகூவாவிலிருந்து புத்தரின் பல்லான தந்ததாதுவைப் பாண்டிநாட்டுக்குக் கொண்டுபோனவர். பிறகு மூன்றாம் பராக்கிரமபாகு மதுரைக்கே போய்ப் பேசி அதைத் திருப்பி வாங்கினார். பார்த்தீர்களா, இரண்டு கதையிலும் ஒரு பராக்கிரமபாகு, இரண்டிலும் ஒரு குலசேகரன். முதற்கதையில் சண்டை, இரண்டாவதில் பேச்சுவார்த்தை. நான் படிப்பிக்கும்போது இந்த இரண்டையும் ஒரே நாளில் எடுப்பதில்லை.

நெடுங்கேணி, முன்பள்ளி ஆசிரியை: ஆத்திசூடி பாடிய ஔவைப்பாட்டிதானே அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கினார்? பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

தங்கச்சி, குறைந்தது இரண்டு ஔவையார் இருக்கிறார்கள். நெல்லிக்கனி வாங்கியவர் சங்கப் புலவர். அதியமான் நெடுமானஞ்சியின் நண்பர், அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அதியமான் இறந்தபோது அவர் பாடிய புறநானூற்றுப் பாட்டு, கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவானே என்று தொடங்கும். அந்தப் பாட்டில் வருவது கூட இருந்து உண்டு குடித்த ஒரு சிநேகிதியின் அழுகை.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். இதற்கு வெளியே சாட்சி தேட வேண்டாம், நல்வழியின் கடைசிப் பாட்டை எடுத்துப் பாருங்கள். "தேவர் குறளும் திருநான் மறைமுடிவும் மூவர் தமிழும்" என்று போகும். மூவர் தமிழ் என்றால் தேவாரம். அடுத்த வரிகளில் திருவாசகமும் திருமூலரும் வருகிறார்கள். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பிறக்குமுன் வாழ்ந்த சங்க ஔவை அவர்களை எப்படிப் பாடியிருப்பார்?

முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஔவைப்பாட்டி ஒருவராகவே இருக்கட்டும். அதில் எனக்கு மனக்குறை இல்லை. அவர்கள் ஏழாம் எட்டாம் வகுப்புக்கு வரும்போது யாராவது பிரித்துச் சொல்லவேண்டும். சங்க ஔவையின் அந்த அழுகை ஆத்திசூடிக்குள் புதைந்துபோகக்கூடாது.

புதுக்குடியிருப்பு, வாசிகசாலையைப் பார்த்துக்கொள்பவர்: கதிரைவேற்பிள்ளை அகராதி என்று இரண்டு வருகின்றன. ஒன்றின் மறுபதிப்பா மற்றது?

இல்லை. இரண்டு கதிரைவேற்பிள்ளைகள், இரண்டு அகராதிகள். இருவரும் வடமராட்சிக்காரர், இருவரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் மறைந்தவர்கள். அதனால் பெரிய படிப்பாளிகள்கூட இதில் வழுக்கியிருக்கிறார்கள்.

நா. கதிரைவேற்பிள்ளை மேலைப்புலோலி. சென்னையில் ஆசிரியராக இருந்தார். திரு.வி.க.வுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் இவரே. வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற வழக்கில் எதிர்த்தரப்பில் முன்னுக்கு நின்றவரும் இவரே. 1907இல் மறைந்தார். 

கு. கதிரைவேற்பிள்ளை வைமன் கதிரைவேற்பிள்ளை என்று பெயர்பெற்றவர், நீதித்துறையில் இருந்தவர். 1904இல் மறைந்தார். அவர் சேர்த்துவைத்த சொற்களை மதுரைத் தமிழ்ச்சங்கம் அவர் போனபிறகு மூன்று பாகமாக அச்சிட்டது. கடைசிப் பாகம் வந்தது 1923இல்.

முதலெழுத்து "நா" என்றால் புலோலி, "கு" என்றால் வைமன். உங்கள் பதிவேட்டில் இந்த எழுத்தை விடாமல் எழுதுங்கள். இன்னுமொரு கதிரவேற்பிள்ளை கோப்பாய்த் தொகுதி எம்பியாக இருந்தவர், அவருக்கும் அகராதிக்கும் தொடர்பில்லை.

பரந்தன்: பொன்னம்பலம் இராமநாதனும் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் ஒரு குடும்பமா? எங்கள் ஆட்களுக்கு ஏன் ஒரே பெயர் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது?

ஒரு குடும்பம் இல்லை. பொன்னம்பலம் இராமநாதனில் பொன்னம்பலம் தகப்பன் பெயர். ஜீ.ஜீ. பொன்னம்பலத்தில் அது அவருடைய சொந்தப் பெயர். ஐம்பதுக்கு ஐம்பது பிரதிநிதித்துவம் கேட்டவர், 1944இல் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கியவர் ஜீ.ஜீ.

இராமநாதனின் தம்பி பொன்னம்பலம் அருணாசலத்தைப் பாருங்கள். அவருடைய தகப்பன் அருணாசலம் பொன்னம்பலம். பாட்டன் பெயர் அப்படியே பேரனுக்கு வந்திருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான், பாட்டன் பெயரைச் சுமப்பவன்.

அதனால்தான் எங்கள் பக்கத்தில் தனிப்பெயர் போதாது. 2009இல் செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒலிபெருக்கியில் ஒரு பெயரை வாசித்தார்கள். எங்கள் வரிசையில் மட்டும் நாலு பேர் எழும்பினார்கள். பிறகு தகப்பன் பெயர் சொன்னார்கள், இருவர் இருந்துவிட்டார்கள். ஊர்ப்பெயர் சொன்னபிறகுதான் ஒருவர் மிச்சமாக நின்றார். அவருடைய மகன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி அது. மற்ற மூன்று பேரும் திரும்ப உட்கார்ந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வவுனியா: கட்டபொம்மனோடு நின்ற சுந்தரலிங்கமும் எங்கள் சுந்தரலிங்கமும் உறவா?

இல்லை, தம்பி. வீரன் சுந்தரலிங்கம் பாஞ்சாலங்குறிச்சிப் படையில் தளபதி, 1799இல் ஆங்கிலேயரை எதிர்த்து உயிர்விட்டவர். உங்கள் ஊர் சி. சுந்தரலிங்கம் 1895இல் பிறந்த கணிதப் பேராசிரியர். 1947இல் வவுனியாவின் எம்பியாகி முதல் அமைச்சரவையிலும் இருந்தார். "அடங்காத் தமிழன்" என்று சொன்னால் இவரைத்தான்.

மடு: பாப்பரசர் பிரான்சிஸ், சவேரியாரின் பெயரைத்தானே எடுத்துக்கொண்டார்?

பலரும் அப்படி நினைப்பதற்குக் காரணம், இருவரும் இயேசுசபையினர். ஆனால் அவர் எடுத்தது அசிசி பிரான்சிஸின் பெயர், ஏழைகளோடு வாழ்ந்த 13ஆம் நூற்றாண்டு இத்தாலியர். அசிசியாரின் திருநாள் ஒக்டோபர் 4, சவேரியாரின் திருநாள் டிசெம்பர் 3. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் மடுவுக்கு வந்தபோது எங்கள் பக்கத்திலிருந்து போன எத்தனையோ சவேரிமார் தங்கள் பெயர்தான் அவருக்கும் என்று சந்தோசப்பட்டார்கள். ஒரு விதத்தில் அதுவும் சரிதான், சவேரியாருக்கும் பிரான்சிஸ் என்றுதானே முதற்பெயர்.

ஒட்டுசுட்டான்: பண்டார வன்னியன் என்பது பெயரா, பட்டமா? சரித்திரத்தில் வன்னியன் என்று வருகிற எல்லாரும் அவர்தானா?

வன்னியன் என்பது தலைவனுக்குரிய பட்டம். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, மேல்பற்று என்று ஒவ்வொரு பற்றுக்கும் வன்னியர் இருந்தார்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, புத்தளம் பக்கங்களிலும் இருந்தார்கள். பண்டார என்பதும் மதிப்புப்பெயர், சிங்கள அரச குடும்பங்களில் வழங்கியது. கண்டியில் விமலதர்மசூரியனாக முடிசூடியவர் முதலில் கோணப்பு பண்டார. ஆகவே எங்களவரின் பெயரில் இரண்டு பாதியும் பலருக்குப் பொதுவானவை. ஒல்லாந்தர் காலத்தில் பனங்காமத்தில் அவர்களுக்குப் பணியாமல் நின்ற கயிலை வன்னியனின் செய்கைகளையும் சிலர் மேடையில் பண்டார வன்னியனுக்கே கொடுத்துவிடுகிறார்கள். இருவருக்கும் இடையில் நூறு வருசத்துக்கு மேல். கயிலை வன்னியனின் பிடிவாதம் கயிலை வன்னியனுக்கே சேரட்டும்.

பண்டார வன்னியனை அடையாளம் காட்டுவது 1803. அந்த வருசம் ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். அதன்பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்தது. மன்னாரிலிருந்து வந்த வொன் டிறிபேர்க் ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் அவரைத் தோற்கடித்தார்.

அங்கே நாட்டிய கல்லில் சில ஆங்கில வரிகள்தான் பொறித்திருந்தார்கள்: இந்தப் பக்கத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803. வென்ற பக்கத்தவர் தங்கள் வெற்றிக்காக வைத்த கல் அது. எந்த வன்னியன், எந்த இடம், எந்த நாள் என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட நான் கூட்டிக்கொண்டு போனதும் அந்தக் கல்லடிக்குத்தான்.