அமெரிக்கக் கறுப்பினப் பெண்களும் எடைக் குறைப்புத் திட்டங்களும்: கேள்வி பதில்

கேள்வி: அங்கே கறுப்பினப் பெண்களிடம் உடல் பருமன் எவ்வளவு? நம் இந்தியர்களுக்குச் சொல்லும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 25 வரம்பு அவர்களுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 2017–18 தேசியக் கணக்கெடுப்பின்படி வயது வந்த கறுப்பினப் பெண்களில் 56.9 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல், அதாவது அங்குள்ள கணக்கில் உடல் பருமன். வெள்ளையினப் பெண்களில் 39.8. ஆனால் ஒரே பிஎம்ஐயில் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு வயிற்றின் உட்கொழுப்பு சராசரியாகக் குறைவு. நமக்கு நேர்மாறு. எனவே இடுப்புச் சுற்றளவு (88 செ.மீ. தாண்டினால் கவனம்), ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒரே திட்டத்தில் சேர்ந்தாலும் இவர்களுக்கு எடை குறைவாகத்தானே இறங்குகிறது? அக்கறை போதவில்லையோ?

பதில்: அந்தப் பேச்சே தவறு மேடம். 3,234 பேரை வைத்து நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் (முடிவு வெளியானது 2002) இலக்கு 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. கறுப்பினப் பெண்களுக்கு எடை குறைவாகவே இறங்கியது உண்மை. ஆனால் நீரிழிவு வராமல் தடுத்த பலன் எல்லா இனத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அவர்களின் உடல் ஓய்வில் எரிக்கும் கலோரியும் சராசரியாகச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் ஷிப்ட் வேலை, குடும்பப் பொறுப்பு, நடக்கப் பாதுகாப்பான தெரு இல்லாதது. கிலோவை மட்டும் பார்த்து 'தோல்வி' என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: அட்லாண்டாவில் ஒரு குழு நடத்துகிறேன். முதலில் எதை மாற்றலாம்?

பதில்: உணவுப் பட்டியலை. காலர்ட் கீரையை (முட்டைக்கோஸ் இனத்து இலைக்கீரை) நீக்காதீர்கள், அருமையான கீரை அது. சிக்கல், கூடவே வேகும் உப்பிட்ட பன்றிக்கால் துண்டில்தான். புகையூட்டிய வான்கோழிக்கு மாற்றினால் கொழுப்பு குறையும், உப்பு அப்படியே நிற்கும். வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள் போட்டு வேகவைத்து, இறக்கும்போது வினிகர் விடச் சொல்லுங்கள்.

அடுத்தது தலைமுடி. நேராக்கிய முடி வியர்வையில் சுருண்டுவிடும், திரும்பச் சீர்செய்யப் பணமும் பல மணி நேரமும் ஆகும். இதைச் சாக்கு என்று தள்ளிவிட்டால் ஆள் வரமாட்டார். தலைகுளிக்கும் நாள் எது என்று கேட்டு, கடும் பயிற்சியை அதற்கு முந்தைய நாளில் வையுங்கள். மற்ற நாட்களில் பத்துப் பத்து நிமிட நடை.

கேள்வி: பலருக்கு ரத்த அழுத்தம் 140-க்கு மேல் காட்டுகிறது. எல்லாம் உண்மைதானா?

பதில்: முதலில் அழுத்தம் அளக்கும் கருவியின் கைப்பட்டையைப் பாருங்கள். தோள் நுனிக்கும் முழங்கைக்கும் நடுவே கையைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் 35 முதல் 44 செ.மீ. வருகிறதா? பெரிய பட்டை வேண்டும். சாதாரணப் பட்டை இருப்பதைவிடக் கூட்டித்தான் காட்டும். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார வைத்து, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி, இரண்டு முறை எடுங்கள்.

கேள்வி: முப்பது வயதுக்காரர், எடை குறைக்க விருப்பமே இல்லை. என்ன செய்வது?

பதில்: 'ஏறாமல் பார்த்துக்கொள்வோம்' என்று தொடங்குங்கள். வட கரோலினாவில் 194 கறுப்பினப் பெண்களிடம் இதையே செய்தார்கள், முடிவு 2013-இல் வந்தது. ஓராண்டில் திட்டத்தில் இருந்தவர்கள் சராசரியாக 1 கிலோ இறங்கினார்கள், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் அரைக் கிலோ ஏறினார்கள். அந்த வயதில் ஆண்டுதோறும் ஏறும் எடையை நிறுத்துவதே பெரிய காரியம்.